முதல்லேர்ந்து எழுதிட்டு வா

"சார், இந்த ஒரு கையெழுத்து விழுந்தா எனக்கு டாக்டர் பட்டம் கிடைச்சிடும்," என்று கெஞ்சினாள் மாணவி.

விஞ்ஞானி நிமிரவே இல்லை. "ஆய்வை மறுபடியும் முதல்லேர்ந்து எழுதிட்டு வாம்மா. போற வழியில என் பையன் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வச்சிடு."

"உங்களுக்குப் பையனே கிடையாதே சார்!"

"எதிர்த்தா பேசுறே? இன்னும் ரெண்டு வருஷம் இழுத்தடிக்கிறேன் பாரு!"

வாசலில் நின்ற தேர்வாளர் கைதட்டினார். "அசல் பேராசிரியரேதான்! எப்படிம்மா செஞ்சே?"

பூரித்துப்போன மாணவி, விஞ்ஞானியின் முதுகிலிருந்த சுவிட்சை அணைத்தாள். அவர் அப்படியே சிலையானார்.

"நாலு வருஷ உழைப்பு சார். அப்போ என் ஆய்வை ஏத்துக்கறீங்களா?"

"இயந்திரம் பிரமாதம். ஆய்வை மட்டும் மறுபடியும் முதல்லேர்ந்து எழுதிட்டு வா. போற வழியில என் பேத்தியை நீச்சல் கிளாஸ்ல விட்டுடு."

மாணவி ஓசைப்படாமல் தேர்வாளரின் பின்னால் போய், அவர் முதுகில் சுவிட்சைத் தேடினாள்.