ஒரு வெட்டுகூட இல்லை

"அந்தக் காலத்துல, ஐரிஷ்ல ஒரு வார்த்தை பேசினா கழுத்துல தொங்குற குச்சியில ஒரு வெட்டு. சாயங்காலம் எத்தனை வெட்டோ, கையில அத்தனை பிரம்படி. பிள்ளைங்க அழுதுக்கிட்டேதான் வீட்டுக்குப் போவாங்க. அப்படித்தான் நடந்தது அந்தப் பள்ளிக்கூடம்" என்று ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார் டெர்வ்லா டீச்சர்.

கல்சுவருக்கு அப்பால், கூரை போய் நின்றது பழைய பள்ளி. உள்ளே ஆடுகள் மேய்ந்தன.

அயர்லாந்தின் கானமரா கடற்கரையில் இருந்த அந்த ஊருக்கு வீட்டிலும் கடையிலும் படகுத்துறையிலும் ஐரிஷ்தான். இங்கிலீஷ் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் பீங்கான் தட்டு மாதிரி.

"பொறுப்பா இங்கிலீஷ் பேசிட்டுப் போகவேண்டியதுதானே? இதுக்கா அழுதாங்க?" என்றான் கோல்மன்.

டீச்சர் இதற்காகவே காத்திருந்தவர் போல, நூல் கட்டிய குச்சிகளை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"இப்போதிலிருந்து நான் மணி அடிக்கிற வரைக்கும் இங்கிலீஷ் மட்டும்தான். யார் குச்சியில வெட்டே விழலையோ, அவங்களுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை நாம போடப்போற பழைய பள்ளிக்கூட நாடகத்துல வாத்தியார் வேஷம்."

ஒர்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். உயரத் தொப்பி, கையில் பிரம்பு, ஊரே பார்க்க கோல்மனை முட்டி போட வைக்கலாம்! அந்த வேஷத்துக்காக அவள் ஒரு வருஷம் வாயைத் தைத்துக்கொள்ளவும் தயார்.

"எனக்குத்தான் அது" என்றாள்.

"உனக்கா? நீ குறட்டையே ஐரிஷ்லதான் விடுவே!"

"இன்னைக்குக் குறட்டையும் இங்கிலீஷ்தான்டா."

"டீச்சர், என் பேரே ஐரிஷ். பேரைச் சொன்னாலும் வெட்டா?" என்றாள் சோர்கா.

"அதுக்கும் அந்தக் காலத்துல வழி வச்சிருந்தாங்க. பேரையே மாத்திட்டாங்க. இன்னைக்கு நீ சாரா."

சோர்காவுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சாரா, ஜன்னலைச் சாத்து" என்று டீச்சர் சொன்னபோது, அது யார் என்று அவளே திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

கோல்மன் பெரிதாக ஒரு தும்மல் போட்டான். பொய்த் தும்மல்தான்.

"டியா லின்!" என்றது பாதி வகுப்பு. தும்மல் கேட்டால் கடவுளைத் துணைக்கு அழைக்காமல் அந்த ஊரில் எந்த வாயும் சும்மா இருக்காது.

சரக், சரக் என்று டீச்சரின் கத்தி வேலை செய்தது. ஒர்லா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, சுத்தமான இங்கிலீஷில் கடவுளை அழைத்தாள்.

சாப்பாட்டு வேளைக்குள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். பந்து மூக்கில் பட்டு ஒருத்தன், ரொட்டியைக் கடற்காக்கை கொத்திக்கொண்டு போய் ஒருத்தி. தன் வலையில் தானே விழுந்த கோல்மனின் குச்சி, எலி கடித்த மாதிரி இருந்தது.

"உங்க வீட்டு நாய் செத்துப்போச்சாம் ஒர்லா!" என்று அவளுக்கு இன்னொரு வலை வீசினான் அவன்.

"பத்து நிமிஷம் முன்னாடிதான் வேலி தாண்டி வந்து என் சாண்ட்விச்சைத் தின்னுட்டுப் போச்சு" என்றாள் ஒர்லா. அதுவும் இங்கிலீஷில்.

மத்தியானம் வகுப்பே ஓய்ந்துவிட்டது. எப்போதும் சந்தைக்கடையாக இருக்கும் அறையில் யாருக்கும் வாய் திறக்கத் தைரியமில்லை.

"இப்ப புரியுதா, ஏன் அழுதாங்கன்னு?" என்று டீச்சர் மெல்லக் கேட்டார்.

கோல்மன் தலையை மட்டும் ஆட்டினான்.

டீச்சர் குச்சிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒர்லாவின் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"பலே!" என்றவர், மணியை எடுக்க மேஜைப் பக்கம் கையை நீட்டினார்.

ஒர்லா பெஞ்சின் மேல் ஏறிவிட்டாள்.

"ஜெயிச்சுட்டேன்! பார்த்தீங்களா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட ஐரிஷ் பேசலை நான்! டேய் கோல்மன், முட்டி போட ரெடியா இருடா!"

கோல்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான்.

டீச்சர் மணியைத் தொடவில்லை, கத்தியை எடுத்தார்.

"குச்சியில இடம் போதாதே தங்கம்... நீ இப்போ கத்தினது அத்தனையும் ஐரிஷ்!"