தூங்காத சனிக்கிழமை

"ஒருத்தரும் கண்ணை மூடக் கூடாது. மூடினா தொலைஞ்சோம்!" தொழுகைக்கூடத்து வாசலில் நின்று ஒவ்வொருவர் காதிலும் ஓதிக்கொண்டிருந்தார் யூத மதகுரு ரப்பி அபிஷாய். தெருமுனையில் ராஜாவின் ஆட்கள் ஈட்டியோடு நின்றார்கள்.

சண்டை ஒன்றும் இல்லை. பிரசங்கம்தான்.

வெஸ்கா நகரத்து யூதர்கள் எல்லோரும் தங்கள் ஓய்வு நாளான சனிக்கிழமை, தங்கள் தொழுகைக்கூடத்திலேயே உட்கார்ந்து, கிறிஸ்தவத் துறவி ஒருவர் பேசுவதை முழுதாகக் கேட்க வேண்டும். அரகோன் நாட்டு ராஜாவின் உத்தரவு. வராதவன் கடைக்கும் தூங்குகிறவன் கடைக்கும் ஒரு வருஷம் பூட்டு.

"அஸ்த்ருக், உன்னை நினைச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார் ரப்பி.

சேணம் தைக்கிற அஸ்த்ருக் தலையைச் சொறிந்தான். "நீங்க பேசினாத்தான் ரப்பி எனக்குத் தூக்கம் வரும். இங்க பயம் இருக்குல்ல?"

சமூகத் தலைவர் யூசே அவசரமாக வந்தார். "முடிஞ்சதும் ராஜாவோட அதிகாரிகிட்ட பேசிடுங்க ரப்பி. எப்படியாவது இந்த உத்தரவை ரத்து பண்ண வையுங்க. பக்கத்து ஊர்ல துறவியோட வந்த கூட்டம் பிரசங்கம் முடிஞ்சு திரும்பறப்போ நம்மவங்க ரெண்டு வீட்டுக் கதவை உடைச்சிருக்கு."

"பாத்துக்கறேன்" என்றார் ரப்பி. அதிகாரியிடம் சொல்ல வேண்டியதை மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தார்.

துறவி இரண்டு மணி நேரம் பேசினார். ரப்பியின் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. அவர் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார இடமில்லாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். வழக்கமான இருமல் இல்லை, கம்பளி விலை பற்றிய பேச்சு இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. அஸ்த்ருக் கழுத்தை நீட்டி, இமைகூடக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

ரப்பிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

யூசே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவமானம்தான் ரப்பி. பொறுத்துக்கோங்க."

ஒருவழியாகப் பிரசங்கம் முடிந்தது. ஒருவரும் தூங்கவில்லை. அதிகாரி முகம் மலர்ந்து ரப்பியிடம் வந்தார். நல்ல மனிதர்.

"உங்க ஜனங்க மாதிரி எங்கயும் பாத்ததில்ல. மூச்சு விடாம கேட்டாங்கன்னு ராஜாவுக்கு எழுதப்போறேன். படிச்சதும் அவர் மனசு குளிரும். ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுடுங்க."

யூசே ரப்பியின் முதுகில் மெல்ல இடித்தார்.

"நீங்கல்லாம் வெளிய இருங்க. நான் தனியாப் பேசறேன்" என்றார் ரப்பி.

எல்லோரும் வெளியே போனார்கள். போன வேகத்தில் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரப்பி கதவைச் சாத்தினார். யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்தினார். மூன்று நாள் மனப்பாடம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அதிகாரியே எடுத்துக் கொடுத்தார். "இந்த உத்தரவை ரத்து பண்ணணும், அதானே?"

"அதை அடுத்த வாரம் பாத்துக்கலாம் ஐயா" என்று ரப்பி அவர் காதருகே குனிந்தார். "முதல்ல என் பிரசங்கத்துக்கும் இதே மாதிரி ஒரு உத்தரவு போடச் சொல்லுங்க!"