எங்க ஊரு ராசா கட்டின கோயில்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் வராத ஒரு காலத்துக் கதையைச் சொல்கிறேன்.

செங்கமலத்தின் கணவர் கலியமூர்த்தி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய குரலும் பேச்சும் கூடத்துச் சுவரில் இருந்த பெட்டிக்குள் இருந்தன. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் காபி குடிக்கும்போது அவரிடம் பொது அறிவுக் கேள்வி கேட்பது, அவர் உயிரோடு இருந்த நாளிலிருந்தே அவளுக்கு வழக்கம்.

அன்றைக்கும் கேட்டாள். "தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டினது யாருங்க?"

"முதலாம் ராஜராஜன்" என்றது அவர் குரல்.

செங்கமலம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கலியமூர்த்தி கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர். எந்தக் கோயிலானாலும் அவருக்கு அது ராஜேந்திரன் கட்டியதுதான். 'பேரு அப்பனுக்கு வந்துடுச்சு, நின்னு வேலை வாங்கினது எங்க ஊரு ராசாடி' என்று கல்யாணமான நாள் முதல் அவளோடு வாதாடியவர்.

"எங்க ஊரு ராசான்னு ஒரு தடவை சொல்லுங்களேன்" என்று கெஞ்சினாள்.

"அது தவறான தகவல், கமலம்."

மகள் இளவேனில் உள்ளேயிருந்து வந்தாள். "நேத்து எல்லார் வீட்டுப் பெட்டியிலயும் தப்பையெல்லாம் திருத்திட்டாங்கம்மா. நல்லதுதானே?"

"நல்லதுதாண்டி. ஆனா இவரு யாரு?"

செங்கமலம் எழுந்துபோய்ப் பெட்டியை நிறுத்தினாள். போன வருடம் அழாமல் விட்ட அழுகையை அன்றைக்குத்தான் அழுதாள்.

தப்பாகப் பதில் சொல்லிவிட்டு விடாமல் வாதாடுகிறவர்கள் உங்கள் வீட்டில் நீண்ட காலம் இருக்கட்டும், செல்லங்களா.