தேய்ந்த இடம்

"இந்தம்மா ஆசிட் ஊத்தித் துடைச்சிருக்கு. நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார் வீட்டுக்காரர், பழுது பார்க்க வந்த தரைக்காரரிடம்.

போட்டு மூன்று வருஷமே ஆன லேமினேட் தரை. ஹால் முழுக்கப் பளபளவென்று இருக்க, கடைசி அறைக் கதவுக்கு முன்னால் மட்டும் இரண்டு திட்டு வெளுத்துக் கிடந்தது.

வீட்டு வேலை செய்யும் அம்மாள் கையில் பையோடு ஓரமாக நின்றாள். தரைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பதினோரு வருஷ வேலை இன்றோடு போச்சு.

தரைக்காரர் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தண்ணீர் என்றால் பலகை ஓரம் உப்பியிருக்கும், உப்பவில்லை. ஆசிட் என்றால் துடைத்த இடமெல்லாம் மங்கியிருக்கும், மங்கவில்லை. நடந்து தேய்ந்ததா என்றால், திட்டு நடக்கிற வழியிலேயே இல்லை. கதவு நிலையை ஒட்டி ஒதுங்கியிருந்தது.

இருபது வருஷத் தொழிலில் இப்படித் தலையைச் சொறிந்ததில்லை.

உள்ளே யார் என்று கேட்டார்.

"எங்கப்பா. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. ரெண்டு வருஷமாச்சு."

தரைக்காரருக்கு என்ன தோன்றியதோ, வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளும் போட்டு நடக்கும் செருப்பில் ஒன்றைக் கழற்றச் சொல்லிக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் பொடிக்கல் பதிந்திருந்தது. திட்டின் மேல் வைத்தார். அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். "இருமுறாரான்னு காது கொடுத்துக் கேக்க... சும்மா ரெண்டு நிமிஷம் நிப்பேன்."

"ரெண்டு நிமிஷத்துக்கு இவ்வளவு தேயாதே சார்" என்று குழம்பியபடியே தரைக்காரர் உள்பக்கப் பலகையைப் பார்க்கக் கதவைத் தள்ளினார்.

அங்கேயும் அதே நிலையை ஒட்டி இரண்டு திட்டு. பக்கத்தில் ஊன்றுகோல் நுனி குழித்த வட்டம்.

கட்டிலில் இருந்த பெரியவர் ஊன்றுகோலை மெல்லக் காலுக்குப் பின்னால் தள்ளினார்.

மகன் ஒற்றைச் செருப்போடு உள்ளே போனார்.

தரைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தினம் துடைக்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? வாயத் திறந்திருக்கலாமே அக்கா. வேலையே போயிருக்குமே."

அவள் பையைப் பழைய ஆணியில் மாட்டினாள்.

"சொல்லியிருந்தா, கூச்சப்பட்டுக்கிட்டு ரெண்டு பேரும் வந்து நிக்கிறதையே விட்டிருப்பாங்க தம்பி."