வாசல் வளையம்

நார்வேயின் மலையூர் ஒன்றில், பழைய மரத் தேவாலயம் ஊருக்குப் போதவில்லை என்று இடித்தார்கள். இடிக்க வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அதிலிருந்து ஒரு மரம் என்று பேச்சு. கூரை முகட்டில் செதுக்கியிருந்த டிராகன் தலைக்கு எல்லோரும் அடித்துக்கொண்டபோது, ரக்னில்ட் வாசல் தூணைக் கேட்டாள். அதில்தான் இரும்புக் கழுத்து வளையம் தொங்கியது. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவளை அதில் பூட்டி, ஆராதனைக்கு வருகிறவர்கள் பார்க்க நிறுத்துவார்கள். மகன் தார்யெய் பிறந்த வருஷம் அவள் அங்கே நின்றாள். விளிம்பு கிழித்த தழும்பு இன்னும் கழுத்தில் இருக்கிறது.

“பழைய நகையை விட மனசில்லையோ?” என்று பக்கத்துப் பண்ணை ஓலாவ் சிரித்தான்.

அவள் தூணை வீட்டுக்கு இழுத்துப்போய்க் கொளுத்தினாள். தலைமுறை தலைமுறையாகத் தார் குடித்த மரம் சடசடவென்று எரிந்தது. சாம்பலில் கிடந்த வளையத்தை ஏரியில் எறிந்தாள். இனி எந்தப் பெண்ணும் அதில் நிற்க வேண்டாம்.

புதுத் தேவாலயம் வெள்ளைச் சாயத்தில் பெரிதாக எழுந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை தார்யெய் அவள் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப்போனான். அவன் இப்போது ஊருக்குக் கொல்லன். கதவருகே புதிய கழுத்து வளையம் பளபளத்தது.

“போதகர் என்னிடம்தான் கேட்டார், அம்மா,” என்றான் பெருமையாக. “உன்னை நினைத்துக்கொண்டேதான் செய்தேன். விளிம்பை அரத்தால் நன்றாக ராவியிருக்கிறேன். இது யாரையும் கிழிக்காது. தொட்டுப் பாரேன்.”

பின்னால் சனம் உள்ளே போகக் காத்து நின்றது. ரக்னில்ட் வளையத்துக்குள் விரலை விட்டுத் தடவினாள். மழுமழுவென்றுதான் இருந்தது.