விரித்த உள்ளங்கை

போதகர் பிரசங்கத்தைத் தொடங்குகிறார். நெதர்லாந்தின் ஜீலாந்திலுள்ள எங்கள் சபையில், கணவன்மார் கோட்டுப் பையிலிருந்து பெப்பர்மின்ட் மிட்டாய் எடுத்து மனைவிக்குக் கொடுக்கும் நேரம் இது. மூன்றாம் வரிசையில் நேல்த்யே உள்ளங்கையை விரித்து மடியில் வைத்திருக்கிறாள். பக்கவாதத்தில் கணவர் லேண்டர்ட்டின் வலக்கை விழுந்து, இடக்கையும் தளர்ந்ததிலிருந்து, ஞாயிறுதோறும் மிட்டாயை அவருடைய இடப் பையில் அவளே போட்டுவிட்டு இப்படித்தான் காத்திருக்கிறாள். ஜெபத்தில் என்ன கேட்கிறாளோ தெரியாது. பத்து மாதமாக வெறுங்கை. இன்று அவருடைய இடக்கை மெல்லப் பைக்குள் போகிறது. காகிதம் சரசரக்கிறது. வெளியே வந்த வெள்ளை வில்லை விரல் நழுவி, பலகைத் தரையில் கடகடவென்று உருண்டோடுகிறது. போதகரே ஒரு கணம் நிறுத்துகிறார். முன்வரிசைக் கோபா குனிந்து எடுத்து, திரும்பி நேல்த்யேயிடம் நீட்டுகிறாள். கோபாவுக்கு எதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுக்கத் தெரியாது.

“இந்தா, நீயே வாயில போட்டுக்கோ. அந்த மனுஷனை ஏன் இந்தப் பாடு படுத்துற?”

“எனக்கு அவர்தான் குடுக்கணும். அவர்கிட்டயே குடு.”

லேண்டர்ட் வாங்கிக்கொள்கிறார். அவர் நெற்றி வியர்க்கிறது. போதகர் பிரசங்கத்தின் இரண்டாம் பகுதிக்கு வந்துவிட்டார். லேண்டர்ட்டின் விரல்கள் இன்னும் அவள் கையை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. ஜன்னல் வெயில் விழுந்த உள்ளங்கை அசையவில்லை. கடைசியில் வில்லை அதில் விழுகிறது. ஒட்டியிருக்கும் தரைத் தூசியைத் துடைக்காமலே நேல்த்யே வாயில் போட்டுக்கொள்கிறாள்.