வற்றிய அணையின் கசிவு

மச்சான் தன் தோப்புக்காகக் கட்டிய மண் அணைக்கு நேர் கீழேதான் என் வீடு. அணை வற்றி மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் கரையின் அடியிலுள்ள ஓட்டை கசிந்துகொண்டே இருக்கிறது. சனிக்கிழமைதோறும் வாளி வைத்து அளக்கிறோம். போன வாரம் வாளி நிறைய நான்கு நிமிடம் ஆயிற்று. இந்த வாரம் இரண்டு.

கசிந்தது வெதுவெதுப்பாக, நூல் நூலாக இழுபட்டது. வாளியைக் குச்சியால் தள்ளித்தான் கவிழ்த்தேன்.

"இன்ஜினியரைக் கூப்பிடுங்க மச்சான். கீழ பிள்ளைங்க இருக்கு."

"தண்ணியே இல்லாத அணை எப்படி மாப்ளே உடையும்? காலிச் சட்டிக்கு மூடி விக்கப் பாக்குறீங்களே!"

வெறும் எலி வளைதான் என்று காட்ட, முழங்கை வரை கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது நகத்து அழுக்கும் இல்லை, கையில் முடியும் இல்லை. சப்பிப் போட்ட மாங்கொட்டை போல் வெளுத்திருந்தது.

"சோப்பு மிச்சம்," என்று சிரித்தார். உரிமையாளரும் அவரே, ஆய்வாளரும் அவரே. தானே பரீட்சை எழுதித் தானே மார்க் போடுகிறவர். அந்தக் கையாலேயே அணை ஆய்வுப் படிவத்தில் 'பாதுகாப்பாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கசிவு சட்டென்று நின்றது.

"நின்னுடுச்சு, பாத்தீங்களா?" என்றார்.

கரைக்குள்ளிருந்து, நிதானமாக, ஒரு மிடறு விழுங்கும் சத்தம் கேட்டது.